வெளிச்சம் பிடித்தவள்

ஆம்பூர்
20 நவம்பர் 2023

வஜீதா,

அன்றைக்கு உன்னிடம் நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன்.

உன் நிக்காஹுக்கு முந்தின வாரம் கடைசியாக ஒருமுறை உன் இஷ்தியாக் சாச்சாவின் தோல் பதனிடும் ஷாப்புக்குப் போனோம் அல்லவா? மூடிக் கிடக்கிற ஷாப்பின் மேல்மாடியில், ஒரு காலத்தில் தோல் காயப்போட்ட கூடத்தில், பலகைச் சட்டங்களின் இடுக்கு வழியாகக் காலை வெயில் வந்துகொண்டிருந்தது. தூணில் ஒரு தாவும் சிலந்தி. துவரம்பருப்பு அளவுதான் இருக்கும். நான் குந்தி உட்கார்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு லென்ஸை அதன் முகத்துக்குக் கொண்டுபோயிருந்தேன். நீ வழக்கம்போல என் இடப்பக்கம் நின்று, நம் கம்பெனி சாம்பிள் ரூமிலிருந்து கொண்டுவந்த வெள்ளை லைனிங் தோல் துண்டைப் பிடித்து, வெயிலைத் திருப்பிச் சிலந்தியின் நிழல் பக்கத்தில் விழச் செய்துகொண்டிருந்தாய்.

அப்போது உனக்குப் போன் வந்தது. தோலை ஆணியில் மாட்டிவிட்டு இறங்கிப் போனாய். படியில் உன் செருப்புச் சத்தம் கேட்டது. கீழே நீ கட்டிக்கப்போகிற ரஃபியிடம் சிரித்துப் பேசுவதும் கேட்டது.

வெளிச்சம் குறையவில்லை.

நான் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுக்கப் பிடிக்கவில்லை என்பதுதான் சரி. சிலந்தியின் இடப்பக்கத்து மயிர்கள் ஒவ்வொன்றும் நீ பிடித்தபோது தெரிந்ததைப் போலவே தெரிந்தன. நீ மேலே வந்து, "இன்னாடி, நான் இல்லாமலே எடுத்துட்டியா?" என்று கேட்டாய். "ம்" என்றேன்.

நிக்காஹுக்கு நான் ஏன் வரவில்லை என்று நீ கேட்கவே இல்லை. என் எண்ணை முடக்கிவிட்டாய். அன்று காலை உனக்குப் பரிசாகக் கொடுக்க ஒரு படம் எடுத்துவிட்டு நேராக மண்டபத்துக்கு வரலாம் என்றுதான் ஷாப்புக்குப் போனேன். புதுப் புடவையோடு போனேன். கொஞ்ச நேரம்தான் இருந்தேன் என்று நினைத்தேன். நான் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தபோது பிரியாணித் தேக்சாக்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். போனில் அனுப்ப வழியில்லை. அனுப்பினாலும் போன் திரையில் அதன் கண் தெரியாது.

ஹெலன்


பெரியமேடு, சென்னை
27 நவம்பர் 2023

ஹெலன்,

மண்டபத்தில் என் அம்மி உனக்காக ஒரு நாற்காலியில் தன் கைப்பையை வைத்து இடம் பிடித்திருந்தாள். யார் வந்து கேட்டாலும், "அது ஹெலனுக்கு, எங்க வஜீதா தோஸ்த்" என்றாள். கடைசி வரைக்கும் அந்த நாற்காலியில் கைப்பைதான் உட்கார்ந்திருந்தது. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச முடியும்.

வெளிச்சம் குறையவில்லையாம்! எனக்கே கதை விடுகிறாயா? ஷூ கம்பெனியில் தோலின் தழும்பைக் கண்டுபிடிக்கும் வேலை உனக்கு மட்டும் தெரியுமா? நானும் அதே மேசையில் உட்கார்ந்தவள்தான். நீதானே சொல்லிக்கொடுத்தாய், சிலந்தியின் பெரிய கண் இரண்டையும் பார், வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று அதுவே காட்டிக்கொடுக்கும் என்று? பார்த்தேன். கண்ணுக்குள் பலகைச் சட்டங்கள் கோடு கோடாக இருக்கின்றன. நடுவில் குந்தியிருக்கும் கறுப்பு உருவம் நீ. உன் இடப்பக்கத்தில் ஒரு வெள்ளைச் சதுரம்.

யாரவள்? சாம்பிள் ரூம் அம்பிகாவா? நான் மண்டபத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்த நேரத்தில் என் இடத்தில் ஒருத்தியை நிற்க வைத்து, அந்தப் படத்தையே எனக்குப் பரிசாகவும் அனுப்புகிறாய். ஒன்று மட்டும் ஒத்துக்கொள்கிறேன். நன்றாகப் பிடித்திருக்கிறாள். எனக்குக் கை நடுங்கும். நீ எத்தனை முறை அதற்காகப் பல்லைக் கடித்திருக்கிறாய்! இவளுக்கு நடுங்கவில்லை.

ரஃபி படத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா இது, உன் தோஸ்த் மாமியார் போட்டோ அனுப்பியிருக்கா?" என்றார். சிரிக்கத்தான் நினைத்தேன்.

ஆள் வைத்துக்கொண்டேன் என்று நேராக எழுது. அதைத் தாங்கிக்கொள்வேன்.

வஜீதா


ஆம்பூர்
3 டிசம்பர் 2023

வஜீதா,

யாரையும் வைத்துக்கொள்ளவில்லை. அம்பிகாவுக்குச் சிலந்தி என்றால் வாந்தி வரும். உனக்கே தெரியும்.

உன் கடிதத்தைப் படிக்கும் வரை அந்தக் கண்ணை நான் அப்படிப் பார்க்கவில்லை. கூர்மையாக விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். இப்போது எல்லாப் படங்களையும் எடுத்த வரிசைப்படி வைத்துப் பார்த்திருக்கிறேன்.

நீ போன் பேசப் போனபோது எடுத்த படத்தில் வெள்ளை தாழ்வாக இருக்கிறது. வெளிச்சம் சிலந்தியின் தாடைக்குக் கீழிருந்து அடிக்கிறது. முதல் நாள் நீயும் அப்படித்தான் பிடித்தாய். நான் சொன்ன பிறகு உயர்த்தினாய். அதற்கடுத்து நான் தனியாகப் போய் எடுத்த படங்களில் சதுரம் சாய்ந்திருக்கிறது. நீயும் அப்புறம் சாய்த்தாய். நிக்காஹ் நாள் படத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. நீ செய்த தவறுகளை, நீ செய்த அதே வரிசையில் செய்து கற்றுக்கொண்டிருக்கிறது.

நிக்காஹ் அன்று நடந்ததை இப்போது எழுதுகிறேன். படம் எடுக்கும்போது நான் பேச மாட்டேன் அல்லவா, மூச்சுப் பட்டாலே சிலந்தி தாவிவிடும் என்று? அதனால்தான் இடது காலால் தரையைத் தட்டுவதை வைத்துக்கொண்டோம். ஒரு தட்டு என்றால் மேலே. இரண்டு தட்டு என்றால் கிட்டே. அன்று தனியாக இருக்கிறேன் என்பதை மறந்து பழக்கத்தில் ஒருமுறை தட்டிவிட்டேன்.

வெளிச்சம் உயர்ந்தது.

எனக்குப் பயம் வரவில்லை. அதுதான் எனக்கே விளங்கவில்லை. யாரோ வேலை தெரிந்தவர் பக்கத்தில் நிற்பதைப் போல் நிம்மதியாக இருந்தது. இரண்டு தட்டினேன். கிட்டே வந்தது. அதற்குப் பிறகு நேரம் போனது தெரியவில்லை. கேமராவை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது தோல் துண்டு ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அசையக்கூட இல்லை.

வெள்ளைக்குப் பின்னால் உருவம் ஏதும் தெரியவில்லை. சுற்றியிருக்கிற இருட்டைவிட அந்த இடம் கொஞ்சம் ஜாஸ்தி இருட்டாக இருக்கிறது, அவ்வளவுதான்.

ஹெலன்


பெரியமேடு
11 டிசம்பர் 2023

ஹெலன்,

நீ பொய் சொன்னால் எனக்குத் தெரியும். உன் எழுத்து பெரிதாகிவிடும். இந்தக் கடிதத்தில் எழுத்து சின்னதாகத்தான் இருக்கிறது. அதனால் நம்புகிறேன்.

இஷ்தியாக் சாச்சாவுக்குப் போன் போட்டேன். ஷாப்பில் முன்னே எப்போதாவது ஏதாவது நடந்ததா என்று சுற்றி வளைத்துக் கேட்டேன். சாச்சா சிரித்தார். "அங்க செத்தவன் எவனும் இல்லம்மா. கை வெட்டுப்பட்டவன்கூட இல்ல. காலையில வந்தவன் எல்லாம் சாயங்காலம் வீட்டுக்குப் போய்ட்டான். நஷ்டத்துல மூடினோம், அவ்ளோதான். எவன் உனக்குக் கதை கட்டுனது?" என்றார். ஏதாவது ஒரு கதை இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். யாரென்று தெரிந்தால் அவனுக்காக நாங்கள் யாசீன் ஓதலாம், நீங்கள் மாதா கோயிலில் பூசை வைக்கலாம். இதற்கு என்ன செய்வது?

இன்னொன்றை நினைத்துப் பார்த்தாயா? மேலே என்பதற்குத் தட்டு வைத்தோம். கிட்டே என்பதற்கு வைத்தோம். போதும், தள்ளிப்போ என்பதற்கு நாம் எதுவும் வைக்கவில்லை. நீ கேமராவை இறக்கினால் நான் கையை இறக்கிவிடுவேன், அதனால் தேவைப்படவில்லை. அது இறக்குகிறதா? நீ படம் எடுத்து முடித்ததும் அது எங்கே போகிறது?

இனிமேல் அங்கே போகாதே. தம்பி தானிஷிடம் சாவியைக் கொடுத்துவிடு. நான் அவனிடம் சொல்லிவிட்டேன், கேட்டு வருவான். சிலந்தி உலகத்தில் வேறு இடத்தில் இல்லையா? அமிர்திக்குப் போ. அங்கே காடு முழுக்க உன் தோஸ்துகள்தான்.

உன் எண்ணைத் திறந்துவிடலாம் என்று போனை எடுத்தேன். மறுபடி மூடிவிட்டேன். அந்த நாற்காலி ஞாபகம் வந்துவிட்டது.

வஜீதா


ஆம்பூர்
24 டிசம்பர் 2023

வஜீதா,

சாவியைத் தானிஷிடம் கொடுத்துவிட்டேன். "அக்கா, உள்ளே புதையல் ஏதாச்சும் இருந்தா எனக்குப் பாதி" என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனான்.

போன ஞாயிறு அமிர்திக்குப் போனேன். தோல் துண்டு ஷாப்பில் இருக்கிறது, ஷாப்பு பூட்டியிருக்கிறது. கையில் கேமராவைத் தவிர ஒன்றுமில்லை. அருவிக்குப் போகிற வழியில் ஒரு தேக்கிலையின் அடியில் ஒரு தாவும் சிலந்தியைப் பார்த்தேன். மரநிழலில் வெளிச்சம் பச்சையாக, கம்மியாக இருந்தது. நான் காலைத் தட்டவே இல்லை. இரண்டு காலையும் மடக்கி மண்டியிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

படத்தில் அதன் கண்ணுக்குள் மரங்கள் தெரிகின்றன, நான் தெரிகிறேன். இடப்பக்கம் பாதிக் கண்ணை வெள்ளை அடைத்திருக்கிறது. அவ்வளவு கிட்டே என்றால் அது என் தோளில் இடித்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும்.

நீ கேட்டாய் அல்லவா, அது இறக்குகிறதா என்று? இறக்கவில்லை.

நேற்று அம்மா அடுப்படியில் கிறிஸ்துமஸ் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்து, "இன்னாடி ஒரு பக்கம் மட்டும் பவுடர் போட்டிருக்க? கோயிலுக்கு இப்படியா வருவ?" என்றாள். நான் பவுடர் போடவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். இடக்கன்னம் வெளுத்திருந்தது. கன்னத்தைத் துடைத்தேன், முகம் கழுவினேன், விளக்கை அணைத்தேன். விளக்கை அணைத்தபோதுதான் நன்றாகத் தெரிந்தது. அம்மாவும் பார்த்துவிட்டாள். ஜெபமாலையை எடுத்து என் கழுத்தில் போட்டுவிட்டு, சட்டியில் முறுக்கு கருகுகிறது என்று திரும்பிக்கொண்டாள்.

கம்பெனியில் மேசைக்கு வருகிற தோல்களில் என் இடப்பக்கம் இருப்பவற்றின் தழும்புகள் மட்டும் பளிச்சென்று தெரிகின்றன. சூப்பர்வைசர் பாராட்டினார். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

இப்போது பயம் வந்துவிட்டது, வஜீதா. தூங்க முடியவில்லை. கண்ணை மூடினாலும் இடது இமைக்குப் பின்னால் பகலாகவே இருக்கிறது.

ஹெலன்


பெரியமேடு
2 ஜனவரி 2024

ஹெலன்,

பன்னிரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை அம்மி வீட்டுக்கு வருகிறேன். ஆம்பிளைகள் எல்லாரும் ஜும்மாவுக்குக் கிளம்பின பிறகு ஷாப்புக்கு வந்துவிடு. தானிஷின் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுப்பது எனக்குப் பழக்கம்தான். உச்சிவெயில் படத்துக்கு ஆகாது என்பாய். படம் முக்கியமில்லை.

நான் யோசித்துவிட்டேன். அது உன்னை ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் செய்யவுமில்லை. நான் விட்டுப்போன வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான். ஷிப்டுக்கு ஆள் வராவிட்டால் பழைய ஆள் எப்படிக் கிளம்புவான்? நான் வந்து பிடிக்கிறேன். எனக்கு மட்டும் பயமில்லையா? இருக்கிறது. ஆனால் அது என் இடம்.

சாப்பிடாமல் வா. முடிந்ததும் பிரியாணி சாப்பிடலாம். நீ மண்டபத்தில் சாப்பிடாமல் விட்டது.

வஜீதா


ஆம்பூர்
20 ஜனவரி 2024

வஜீதா,

இந்த ஒரு வாரமும் நன்றாகத் தூங்கினேன்.

அன்று பிரியாணிக் கடையில் நாம் இருவரும் பேசவே இல்லை என்பதை இப்போதுதான் நினைக்கிறேன். கத்தரிக்காயை நீ என் இலைக்குத் தள்ளினாய், நான் வெங்காயத்தை உன் இலைக்குத் தள்ளினேன். அதனால் இங்கே எழுதுகிறேன்.

நீ ஆணியிலிருந்து தோலை எடுத்ததை நான் பார்க்கவில்லை. கண் லென்ஸில் இருந்தது. முதலில் வெளிச்சம் இரண்டு மடங்காயிற்று. சிலந்தி முன்காலைத் தூக்கிப் பின்னால் நகர்ந்தது. பிறகு ஒரு நடுக்கம். உன் கை நடுக்கம்! அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரே ஒரு படம் எடுத்தேன். அதன் கண்ணில் ஒரு வெள்ளைச் சதுரம்தான் இருக்கிறது, கொஞ்சம் கலங்கலாக. அதற்குப் பின்னால் முக்காடு போட்ட தலை. நீதான்.

அம்மா என் கன்னத்தை ஜன்னலுக்கு நேரே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இப்பதான் ரெண்டு பக்கமும் ஒரே கலரு. இந்தச் சனியன் கேமராவைக் கொண்டுபோய் ஆத்துல போடு" என்றாள். ஆற்றில் போடவில்லை. லாங் பஜாரில் வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நீ ஏன் பதில் எழுதவில்லை? எண்ணையும் இன்னும் திறக்கவில்லையே. நாற்காலியை மறக்க மாட்டாயா?

ஹெலன்


பெரியமேடு
3 பிப்ரவரி 2024

ஹெலன்,

நாற்காலியை எப்போதோ மறந்துவிட்டேன். போனில் பேசினால் இந்த வீட்டில் சுவருக்கும் கேட்கும், அதனால்தான் எழுதுகிறேன்.

ஆணியிலிருந்து தோலை எடுத்தேன் அல்லவா? அதன் இன்னொரு முனையை யாரோ பிடித்திருந்தார்கள். இழுக்கவில்லை. பாத்திரம் கைமாற்றும்போது, வாங்குகிறவள் சரியாகப் பிடித்துக்கொண்டாளா என்று பார்த்துவிட்டு விடுவோமே, அப்படி விட்டார்கள். உனக்கு நிம்மதி வந்துவிட்டது என்று உன் முகத்தில் தெரிந்தது. அதைக் கெடுக்கப் பிடிக்காமல் கத்தரிக்காயைத் தள்ளினேன்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, சன்னல் வழியாக வெயில் வந்ததும் என் வலது கை தானாக எழுந்தது. ரஃபி பார்த்துவிட்டு, "ஏய், டிராஃபிக் போலீஸ், வண்டிய விடு, ஆபீசுக்கு நேரமாச்சு" என்றார். நானும் சிரித்தேன். கை இறங்கவில்லை. வெயில் சுவரைவிட்டுப் போன பிறகுதான் இறங்கியது. வலியே இல்லை. அதுதான் பேஜார். வலித்தால் டாக்டரிடம் சொல்லலாம்.

தினமும் இப்படித்தான். இப்போது மாமி பார்க்காமல் கதவைச் சாத்திக்கொள்கிறேன். போன வாரத்திலிருந்து இன்னொன்று. தரையில் தட்டுகிற சத்தம் கேட்கிறது. ஒரு தட்டு கேட்டால் கை இன்னும் மேலே போகிறது. இரண்டு கேட்டால் கால் ஒரு எட்டு முன்னால் வைக்கிறது. பின்னால் வர மாட்டேன் என்கிறது. மறுநாள் கட்டிலில் எங்கே படுத்து எழுந்தாலும், முந்தின நாள் விட்ட இடத்துக்கே நடந்துபோய் நிற்கிறேன். கட்டிலைத் தாண்டியாகிவிட்டது. இஸ்திரி மேசையையும் தாண்டியாகிவிட்டது. அடுத்தது சன்னல்தான். நாங்கள் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். சன்னலுக்குக் கம்பி கிடையாது.

எனக்கு முன்னால் யாரும் குந்தி உட்கார்ந்திருக்கவில்லை. யாருக்குப் பிடிக்கிறேன் என்றே தெரியவில்லை.

நீ கேமராவைக் கொடுத்துவிட்டாய் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். ஆனால் ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல். நீ காலைத் தட்டுகிறாயா?

வஜீதா


ஆம்பூர்
6 பிப்ரவரி 2024

வஜீதா,

உன் கடிதம் இன்று மதியம்தான் வந்தது. அம்மாவின் போனிலிருந்து உனக்கு அடித்துக்கொண்டே இருக்கிறேன். மணி போகிறது, எடுக்க மாட்டேன் என்கிறாய். ரஃபியின் எண் என்னிடம் இல்லை. தானிஷ் வீட்டில் இல்லை. அம்மியும் இல்லை. வீடு பூட்டியிருக்கிறது.

தட்டவில்லை என்றுதான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று அம்மாவிடம் கேட்டேன். "அம்மா, நான் காலைத் தட்டுறேனா?"

"தட்டாம? சோறு தின்னும்போது தட்டுற, போன் பார்க்கும்போது தட்டுற. காலையில தூக்கத்துல கட்டில் கால்ல தட்டுற தட்டுல எனக்கே முழிப்பு வந்துடுது. நீ அந்தப் பூச்சிப் படம் எடுக்க ஆரம்பிச்சதுலேருந்து இதே ரோதனைதான். இன்னா, இப்பதான் உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது, வஜீதா. சத்தியமாகத் தெரியாது. இதோ இந்த வரியை எழுதும்போது குனிந்து பார்க்கிறேன். குதிகால் தரையில் இருக்கிறது, முன்பாதம் எழுந்து நிற்கிறது. கையால் பிடித்து அமுக்கியிருக்கிறேன். ஒரு கையால்தான் எழுதுகிறேன்.

அம்மாவிடம் சொல்லிக் காலைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டச் சொல்லப்போகிறேன். பைத்தியம் பிடித்துவிட்டது என்று அழுவாள். அழட்டும். நாளை முதல் பேருந்தில் நானே வருகிறேன். இந்தக் கடிதம் அதற்குள் வராது என்று தெரியும், நீ போனை எடுத்தால் சொல்ல இருப்பது இதுதான்: வெயில் வருவதற்கு முன் ரஃபியை எழுப்பு. சன்னலைச் சாத்தச் சொல். சிரித்தாலும் பரவாயில்லை, சாத்தச் சொல். உன் கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்.

ஹெலன்


7 பிப்ரவரி

பேருந்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது தானிஷ் வாசலில் வந்து நின்றான். செருப்பைக் கழற்றவில்லை. உள்ளே வரவுமில்லை.

அவள் கடிதம் எனக்கு வந்ததற்கு முந்தின நாளே, திங்கட்கிழமை காலை, வஜீதா சன்னலின் மேல் ஏறியிருக்கிறாள். ஒரு கால் வெளியே போய்விட்டது. குளித்துவிட்டு வந்த ரஃபி உயர்ந்திருந்த அந்தக் கையைப் பிடித்து உள்ளே இழுத்திருக்கிறார். இழுத்த வேகத்தில் தோள் எலும்பு நழுவி, நரம்பும் அறுந்துவிட்டது. ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். இனி அந்தக் கை மார்புக்கு மேல் எழாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அம்மியும் சாச்சாவும் அங்கேதான் இருக்கிறார்கள்.

"நல்லா பேசுது. சாப்பிடுது. ஒண்ணு மட்டும் சொல்லச் சொல்லுச்சு. இனிமே எழுத வேணாம், பார்க்கவும் வர வேணாம்னு. தப்பா நெனைக்காதீங்க அக்கா" என்றான் தானிஷ். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆறாம் தேதி எழுதின கடிதத்தை நான் அஞ்சலில் போடவில்லை. ஏப்ரலில் இதைச் சேர்க்கிறேன்: மார்ச் மாதம் ரஃபியும் வஜீதாவும் வேறு வீட்டுக்கு மாறிப் போனார்கள். முகவரியை யாரும் எனக்குச் சொல்லவில்லை.